சத்தம் போட்டுச் சிரிக்க ஒரு வீடு

என் சிரிப்பினால் இதுவரை நான்கு பேருடைய பல் தப்பித்திருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. டாக்டரே எண்ணி வைத்திருக்கிறார்.

கண்டி நகரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில், இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வாடகை வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தோம், நானும் என் வீட்டுக்காரர் தனபாலனும். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் கிளினிக். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பலகைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அங்கே ஒருவர் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்திருக்கும் நேரம் பார்த்து இங்கே நான் சிரித்துவிட்டால் முடிந்தது. தன் வாய்க்குள் பார்த்துத்தான் யாரோ சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கழுத்தில் கட்டிய துண்டோடு படியிறங்கிப் போய்விடுவார்கள். உடனே சுவரில் டொக், டொக், டொக். மூன்று தட்டுக்கு வாயை மூடு என்று அர்த்தம்.

என் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் விக்கல் மாதிரி நாலைந்து வரும். பிறகு மூச்சே வராது, தெரியாதவர்கள் தண்ணீர் எடுக்க ஓடுவார்கள். அதற்குப் பிறகுதான் சத்தம். எங்கள் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம் ஐயரின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அன்று நான் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தனபாலன் அப்போதே எழும்பி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. அன்றைக்கே, என்னைச் சிரிக்க வைப்பதுதான் தன் வேலை என்று முடிவு செய்துவிட்டாராம்.

அதற்குத் தோதாக உத்தியோகமும் அமைந்தது. மாநகர சபையில் முறைப்பாடுகள் எடுக்கும் கருமபீடம், ஊர்க் குறையெல்லாம் வந்து சேரும் மேசை. முப்பத்தொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். பக்கத்து வீட்டுக் கிளி தன் புருஷனின் குரலில் தன்னைத் திட்டுகிறது என்று ஒரு பெண் வந்து எழுதிக் கொடுத்தாள். தன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போன குரங்கு, அதையே போட்டுக்கொண்டு கூரையில் உட்கார்ந்து தன்னை முறைக்கிறது என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் கேட்டு, "பெயர்? விலாசம்? எத்தனை நாளாக?" என்று எழுதிக்கொள்வார். சாயந்தரம் என்னை வாவிக் கரைக்குக் கூட்டிப் போய் அதை அப்படியே நடித்துக் காட்டுவார். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாதே, டாக்டர் இருக்கிறார். வாவிக் கரையில் பஸ் ஒன்று ஹாரன் அடிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள் கடைசி வரியைப் போடுவார். மழை நாட்களில் வெளியே போக முடியாது. அன்று எனக்குத் தலையணைதான், முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பேன்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். மகளும் கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கிறாள். கிளினிக்கைப் பெரிதாக்க வேண்டும், மாத முடிவுக்குள் வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னபோது எனக்குத் துக்கம் வரவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து, அதற்குள் தலையை விட்டு ஒரு சுற்றுச் சிரித்தேன். நகரம் போதும் என்று இருவரும் முடிவு செய்தோம். வெளியே போய், கையிலிருக்கும் காசுக்கு ஒரு சின்ன வீடு வாங்குவோம். அவர் ஒரு கொப்பியில் நாற்பது கேள்வி எழுதினார்: காணி உறுதிப் பத்திரம் சரியா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கூரை ஒழுகுமா, இப்படி. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். தலையணை இல்லாமல் சிரிக்கலாமா?

வீடு காட்ட வந்தவர் பஹீம் நானா, முஸ்லிம் பேச்சில் நானா என்றால் அண்ணன். கெலிஓயாக்காரர். வீடு, காணி, வேன், கல்யாணம் நான்குக்கும் அவர்தான் தரகர். சட்டைப் பையில் நான்கு நிறப் பேனை வைத்திருப்பார். என்ன மாதிரி வீடு வேண்டும் என்று கேட்டார்.

"நான் சிரிச்சா பக்கத்துல யாருக்கும் கேக்கக் கூடாதுங்க" என்றேன்.

மனிதர் என்னையும் பார்த்தார், என் வீட்டுக்காரரையும் பார்த்தார். "அப்பிடி ஊடு ஈக்கி மேடம்" என்றார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் இல்லை என்ற பதிலே கிடையாது.

ஒவ்வொரு வீட்டையும் நாங்கள் சோதித்த முறை இதுதான். நான் நடு அறையில் நிற்பேன். தனபாலன் ஒரு பழைய முறைப்பாட்டைச் சொல்லிவிட்டு ஓடுவார். விக்கலும் மூச்சடைப்பும் முடிந்து சத்தம் கிளம்ப அரை நிமிடம் ஆகும். அதற்குள் அவர் கேட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டு மதிலோரம் போய்க் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அறுபது வயது மனிதர், கையில் கொப்பியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். கட்டுகஸ்தோட்டையில் மூன்று வீடு தள்ளி ஒரு குழந்தை விழித்துக்கொண்டது. பிலிமத்தலாவையில் பக்கத்து வளவு தியான நிலையம். வெள்ளை உடுத்த பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து பார்த்தார்கள் என்று வந்து சொன்னார். அதைக் கேட்டு நான் மறுபடியும் சிரிக்க, அவர் மறுபடியும் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

திகனைக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனோம். வெள்ளிக்கிழமைதான் வசதி என்று பஹீம் நானா சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சாவியைக் கையில் கொடுத்தார். "நான் ஜும்ஆவுக்குப் பெய்த்து வாறன். நீங்க ஆறுதலாப் பாருங்க. இந்த ஊட்டுல ஒரு சத்தம் கேட்டா என்னக் கேளுங்க."

உண்மையாகவே ஒரு சத்தமும் இல்லை. இரண்டு அறை, பெரிய குசினி, பின்னால் ஒரு எலுமிச்சை மரம். பக்கத்தில் ஒரு நீளமான கொட்டகை, அதுவும் பூட்டிக் கிடந்தது. தனபாலன் கிளிக் கதையைச் சொல்லிவிட்டு ஓடினார். நான் சிரித்தேன். தலையணை இல்லை, அலுமாரி இல்லை, ஹாரன் இல்லை! திரும்பி வந்தவர் மூச்சிரைக்க, "ஒரு ஈ காக்காய்க்குக் கேக்கல நிரஞ்சனி" என்றார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அந்த வெறும் அறையில் இரண்டு பேரும் சுற்றினோம். அலுமாரி இங்கே, கட்டில் அங்கே என்று சோக்கட்டியால் நிலத்தில் கோடு போட்டேன். பார்சல் கட்டிக்கொண்டு போயிருந்த சோற்றைப் பிரித்து, எங்கள் வீட்டில் முதல் சாப்பாடு என்று உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒன்றரை மணிக்கு என் தண்ணீர்ப் போத்தல் தானாக நகர்ந்தது.

பிறகு சத்தம் வந்தது. பக்கத்துக் கொட்டகை மரம் அறுக்கும் ஆலை. ஜும்ஆவுக்குப் பூட்டிவிட்டுப் போனவர்கள் தொழுதுவிட்டு வந்து இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள். யன்னல் கண்ணாடி ஆடியது, பல் கூசியது. தனபாலன் வாயைத் திறந்து மூடினார், ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியில் எழுதிக் காட்டினார்: "நல்லதுதானே. இனி நீ எவ்வளவு சிரித்தாலும் யாருக்கும் கேட்காது." நான் பேனையை வாங்கி அதன் கீழே எழுதினேன்: "எனக்கும் கேட்காது."

தொப்பியைக் கழற்றிக்கொண்டு பஹீம் நானா வந்து சேர்ந்தார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "வெள்ளிக்கிழமையில சத்தமே ஈக்காது மேடம்!" என்று கத்தினார்.

அன்றைக்கு ஒரு விஷயம் புரிந்தது. பஹீம் நானா பொய் சொல்கிறவர் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறை இருக்கும். அந்தக் குறை எந்த நேரம் தூங்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு போவார், அவ்வளவுதான். அதுவும் ஒரு திறமைதான். கோபம் வந்தாலும் மனிதரை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்குப் போனோம். கடைசி வளைவில் த்ரீவீல் ஏற மாட்டேன் என்றது, இறங்கி நடந்தோம். மேலே ஒரு வெள்ளை வீடு. சுற்றிலும் தேயிலை, அதற்கு மேலே பனி. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் எங்கோ கீழே தீப்பெட்டி அளவில் தெரிந்தன. பஹீம் நானா அட்டைப்பூச்சிக்குப் பயந்து த்ரீவீலுக்குள்ளேயே காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். தனபாலன் கொப்பியைத் திறந்து நாற்பது கேள்விக்கும் சரி போட்டார். பக்கத்து வீடு என்ற கேள்விக்கு எதிரே "இல்லவே இல்லை" என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

"சரி, சிரி பாப்போம்" என்றார்.

"எதுக்குச் சிரிக்கிறது? ஏதாச்சும் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு குரங்கின் மூக்குக்கண்ணாடிக் கதையைச் சொன்னார். நல்ல கதைதான். ஆனால் அந்த வாரத்தில் மட்டும் நான்காவது தடவை. ஓய்வு பெற்று ஏழு மாதம். ஏழு மாதமாக யாரும் அவரிடம் வந்து எதையும் முறையிடவில்லை. கதைக் கையிருப்பு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் சிரித்தேன். அவர் மனம் நோகக் கூடாதே என்று சிரித்தேன். விக்கல் வரவில்லை, மூச்சும் அடைக்கவில்லை, நேரே சத்தம்தான். அந்தச் சத்தம் எதிர் மலையில் போய் முட்டி, பளிச்சென்று ஒரு பிசிறு இல்லாமல் திரும்பி வந்தது. ஹஹ்ஹா, ஹஹ்ஹா என்று. அப்படி ஒரு பொய்ச் சிரிப்பை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. தனபாலன் ஓடவில்லை. கொப்பியை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நின்றார்.

"பனி இறங்குது, போவோம்" என்றார் கடைசியில்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூசு என்றேன். யாருக்கும் கேட்காத வீட்டைத் தேடித் தேடி அலைந்து, கடைசியில் அப்படி ஒன்று கிடைத்தபோது அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் குரங்குக் கதையோடு முப்பது வருடம் இருப்பதை நினைத்தேன்.

மாத முடிவுக்கு எட்டு நாள் இருந்தது. பஹீம் நானா தொலைபேசி எடுத்தார்.

"மேடம், கெலிஓயாவுல ஒரு ஊடு ஈக்கி. நான் காட்டாம வெச்சிருந்தது. நல்ல ஊடு. ஆனா செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் நடுவுலதான் பாக்க ஏலும்."

"ஏன் நானா, செவ்வாய்க்கிழமை மட்டும்?"

"அண்டைக்குத்தான் காத்து நல்லா வரும்."

"நாங்க புதன்கிழமை வாறோமே."

"புதன்கிழமையா?" குரல் ஒரு படி இறங்கியது. "புதன்கிழமை வேணாம் மேடம். புதன்கிழமை சாவி ஈக்காது."

புதன்கிழமை காலையில் எட்டு மணிக்கே இருவரும் பஸ் ஏறிவிட்டோம். பஹீம் நானாவுக்குச் சொல்லவில்லை. "சாவி இல்லாம என்னத்தைப் பாக்கிறது?" என்று தனபாலன் கேட்டார். "வீட்டைப் பாக்கப் போகலைங்க, குறையைப் பாக்கப் போறோம்" என்றேன். ஹந்தானைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு அசைவு தெரிந்தது.

கெலிஓயாச் சந்தியில் இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடையில் வழி கேட்டோம். "பச்சை கேட் ஊடா?" என்று கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இண்டைக்குப் புதன்கிழமையாச்சே?" என்றும் கேட்டார். வயலோரமாகப் பத்து நிமிடம் நடந்தோம். பச்சைக் கேட், சிவப்பு ஓடு, வாசலில் ஒரு ரம்புட்டான். வீட்டுக்குப் பக்கவாட்டில் பெரிய பலா மரம். அந்தப் பக்கத்து வளவையும் இந்த வளவையும் பிரிப்பது ஒரு தகர வேலி. வேலிக்கு மேலே முக்காடு போட்ட ஒரு தலை தெரிந்தது. அறுபது அறுபத்தைந்து வயது இருக்கும்.

"ஊடு பாக்க வந்த ஆக்களா?" என்றது அந்தத் தலை.

"ஆமாங்க" என்றார் தனபாலன்.

"நான் ருக்கியா. வாங்கின பொறகு சண்டை புடிக்க எனக்கு ஏலா. இப்பவே சொல்லிர்றேன், கேட்டுக்கங்க." மூச்சு விடாமல் தொடங்கினார். இந்த வளவுப் பலாச் சருகு அவருடைய கூரைத் தண்ணீர்ப் பீலியை அடைக்கிறது. பலாப்பழம் தகரக் கூரையில் விழுந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, அதோடு பழம் வீட்டுக்காரருக்கா கூரைக்காரருக்கா என்று இதுவரை ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. முன்னால் இருந்தவர்களுடைய சேவல் போகும்போது அவருடைய இரண்டு கோழிக்குக் கெட்ட பழக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. இந்த வளவு எறும்பு அவருடைய சீனிப் போத்தலுக்குத்தான் வருகிறது.

"எல்லாத்தையும் உட பெரிய விஷயம் பிறை" என்றார்.

"எது?" என்றார் தனபாலன்.

"பிறை! நோன்புப் பிறை. ஊருல எல்லாரும் அவங்கவங்க வாசல்ல நிண்டு பிறை பாப்பாங்க. எனக்கு மேக்குப் பக்கம் முழுக்க இந்தப் பலாக்கொப்பு. பதினோரு வருஷமா நான் பிறை பாக்கல்ல. பள்ளிவாசல்ல அறிவிச்சாத்தான் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பிறை, எனக்கு மட்டும் பலாக்கொப்பு!"

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தனபாலன் கொப்பியைத் திறந்துவிட்டார். நாற்பது கேள்வி எழுதிய பக்கங்களைத் தள்ளிவிட்டு, ஒரு புதுப் பக்கம். பேனை மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டினார். முதுகு நிமிர்ந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஏழு மாதத்துக்கு முன் நான் பார்த்த அதே முகம்.

"பெயர்?" என்றார்.

"சொன்னேனே, ருக்கியா."

"விலாசம்?"

"இந்தா, இதுதான்!"

"முறைப்பாடு யார் மேல? மரத்தின் மேலயா, சந்திரன் மேலயா?"

ருக்கியா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேர் மேலயும் எழுதுங்க" என்றார்.

எனக்கு முதல் விக்கல் வந்தது. முந்தானையை வாய்க்குள் திணித்தேன். இரண்டு, மூன்று, நான்கு. ஓடுவதற்கு இடமில்லை. மூச்சு நின்றது. "தண்ணி வேணுமா தங்கச்சிக்கு?" என்று ருக்கியா கேட்பது எங்கோ தூரத்தில் கேட்டது. தனபாலன் எழுதிக்கொண்டே, "வேணாம், இப்ப சரியாகிடும்" என்றார். அதற்குப் பிறகு சத்தம் வெடித்தது. ஏழு மாதச் சிரிப்பு, அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருடத் தலையணைச் சிரிப்பு எல்லாம் சேர்ந்து. கெட்ட பழக்கம் உள்ள இரண்டு கோழிகளும் கூரையில் ஏறின. வயலில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. பச்சைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட நான் சிரித்தேன்.

நிறுத்திப் பார்த்தால் வேலிக்கு மேலே இருந்த தலை அசையாமல் இருந்தது. முடிந்தது, இந்த வீடும் போச்சு, இனி மூன்று தட்டுத்தான் என்று நினைத்தேன்.

அப்போது ருக்கியா சிரித்தார்.

என்ன சொல்வது! என் சிரிப்பைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. அவருக்கு விக்கலும் இல்லை, மூச்சடைப்பும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே உச்சம். இரண்டு கையாலும் தகரத்தை அடித்து அடித்துச் சிரித்தார். அதைப் பார்த்து எனக்கு இரண்டாவது சுற்று வந்தது. என்னைப் பார்த்து அவருக்கும் வந்தது. நடுவில் தனபாலன் நிமிர்ந்து நின்று, "அடுத்தது, எறும்பு எத்தனை நாளாக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து சேர்ந்தார் பஹீம் நானா. தேத்தண்ணிக் கடைக்காரர் தகவல் கொடுத்துவிட்டார் போல. வண்டியைச் சரியாக நிறுத்தக் கூட இல்லை.

"மேடம், புதன்கிழமை வரவேணாம்னு சொன்னேனே! இவங்க செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கம்பளைக்கு மகள் ஊட்டுக்குப் போற. மத்த நாள் பூரா இந்த வேலியிலதான். மூணு பார்ட்டி ஓடிட்டாங்க. இப்ப நீங்களும்..."

"நாங்க வாங்குறோம்" என்றேன்.

பஹீம் நானாவுக்கு விளங்கவில்லை. "உள்ளுக்கே போகல்லையே மேடம். சாவி இந்தா ஈக்கி."

"சாவி அப்புறம் தாங்க" என்றார் தனபாலன். அவர் ஆறாவது முறைப்பாட்டில் இருந்தார்.

மாத முடிவுக்கு முதல் நாள் லொறி வந்தது. அலுமாரியை இறக்கியவர்கள் நிலைக் கதவில் இடித்தார்கள், அதையும் ருக்கியா பார்த்துவிட்டு எங்களுக்காகத் திட்டினார். மாதாந்த வாடகை இல்லாத வீட்டில் பால் காய்ச்சினேன், முதல் கோப்பை வேலிக்கு மேலால் போனது. உறுதி எழுதிய கையோடு தனபாலன் மரம் ஏறுகிற ஒருவரைக் கூட்டி வந்து மேற்குப் பக்கத்துக் கொப்பை வெட்டினார். கொப்பு விழுந்ததில் ருக்கியாவின் வாழை ஒன்று சாய்ந்தது, அது பதினோராவது முறைப்பாடு. நோன்புப் பிறையன்று மாலையில் நாங்கள் மூன்று பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று வானத்தைப் பார்த்தோம். முதலில் கண்டது ருக்கியாதான். தகரத்தை அடிக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வெகு நேரம் நின்றார். நானும் அன்று சிரிக்கவில்லை, சிரிக்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம், ஒரு பின்னேரம், நான் குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தனபாலன் வேலியடியிலிருந்து கொப்பியோடு உள்ளே வந்தார். முகத்தில் சுருக்கம் இல்லை.

"முறைப்பாடு இலக்கம் பத்தொன்பது" என்று வாசித்தார். "பக்கத்து வீட்டார் தினமும் நாலரை மணிக்கு வெங்காயம் தாளிக்கிறார்கள். நோன்போடு இருக்கும் எனக்கு அந்த வாசம் பெரிய சோதனை. ஆனாலும் அந்த வாசத்தை வைத்துத்தான் நான் நோன்புக் கஞ்சியை அடுப்பில் ஏற்றுகிறேன். நேற்று அவர்கள் தாளிக்கப் பிந்தியதால் என் கஞ்சியும் பிந்திவிட்டது. ஆகவே நேரத்துக்குத் தாளிக்குமாறு..."

மீதியை அவர் வாசிக்க முடியவில்லை. விக்கலுக்கே நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சு நின்று, பிறகு சத்தம் கிளம்பி, குசினி முழுவதும் நிறைந்து யன்னலால் வெளியே போனது.

டங், டங், டங்.

தகர வேலியில் மூன்று தட்டு. பழக்க தோஷம், என் இரண்டு கையும் வாயில் போய் ஒட்டிக்கொண்டன. கண் தலையணையைத் தேடியது. தனபாலனும் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றார். இருபத்திரண்டு வருடம் என்றால் சும்மாவா?

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"சேர்! கொப்பியை எடுங்க! இலக்கம் இருபது! பக்கத்து ஊட்டாக்கள் என்ன விஷயம்னு எனக்குச் சொல்லாம சிரிக்கிறாங்க!"

நான் வாயிலிருந்து கையை எடுத்தேன்.